ஒட்டாதம்மாவும் ஈரச் சுவரும்

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் இரண்டோடு நின்றுவிடுவேன். வேலை தெரிந்தவள். பொய் சொல்லமாட்டாள். மூன்றாவதாக எதையாவது தேடினால் எனக்குத் தலைவலி வந்துவிடும். அண்ணன் மனைவி, வயதில் மூத்தவள், 'வந்தார், சொன்னார்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மனசு வரவில்லை. அவளிடம் வேலை பார்த்தவர்கள் என்னை மன்னிப்பார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் வந்து வேலை பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

வட்டாரத்தில் அவளுக்கு ஒட்டாதம்மா என்று பெயர். சுவரில் கண்டவனும் கிறுக்காமல் இருக்கப் பூச்சு அடிப்பது எங்கள் தொழில். அந்தப் பூச்சு அடித்த சுவரில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தாலும் மார்க்கரால் எழுதினாலும் உள்ளே இறங்காது. மேலோடு நிற்கும், எடுத்தால் வந்துவிடும். நோட்டீஸ் ஒட்டினால் மறுநாள் தரையில் கிடக்கும். அவளிடமும் யாரும் ஒட்டுவதில்லை என்பதால் ஊர் அந்தப் பெயரைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டது. ஒருமுறை ஹார்டுவேர் கடைக்காரர் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டார். "ஒட்டாதம்மாதான். உங்கள மாதிரி ஆளுங்க ஒட்டாம இருக்கத்தான் இவ்வளவு பாடுபடறேன்" என்று சொல்லி, எடுத்த பிரஷ்ஷை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிரஷ் இல்லாமல் அன்றைக்கு வேலை கெட்டது. அதற்குத் திட்டு எனக்கு விழுந்தது.

என் அண்ணன் பெயிண்டர். அண்ணி ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் வெளிச்சுவரில் எவனோ வாராவாரம் கிறுக்குவான், அண்ணன் வாராவாரம் போய் அதன் மேல் வெள்ளை அடித்துவிட்டு வருவான். "அவன் எழுதிட்டே இருப்பான், நீங்க பூசிட்டே இருப்பீங்க. இதுல யாருக்குப் பைத்தியம்?" என்று கேட்டாளாம். அண்ணன் பதில் சொல்லவில்லை. அண்ணன் நல்லவன். எங்கள் குடும்பத்தில் நல்லவன் என்றால் வாய் திறக்காதவன் என்று அர்த்தம். கடைக்கு வரும் கம்பெனிக்காரர்களைக் குடைந்து குடைந்து கேட்டு, அவர்கள் கொடுத்த சாம்பிள் டப்பாக்களை வீட்டு மாடிப்படியிலும் குளியலறையிலும் அடித்து, அதன் மேல் தானே கிறுக்கித் தானே துடைத்துப் பார்த்து, அண்ணி தொழிலைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் போன பிறகு அண்ணன் வீட்டோடு உட்கார்ந்து சமைக்க ஆரம்பித்தான். வேனை ஓட்டவும் வெந்நீர் மிஷினைப் பிடிக்கவும் திட்டு வாங்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் மாட்டினேன்.

பூச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்றை நாங்கள் மெழுகு என்போம். அதன் மேல் எவனாவது எழுதினால் வெந்நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும், மெழுகும் எழுத்தும் சேர்ந்தே கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு புதிதாக மெழுகு அடிக்க வேண்டும், அரை நாள் வேலை. இன்னொன்று ரெண்டு டப்பா. இரண்டு டப்பாவில் இருப்பதை ஒன்றாகக் கலக்கி அடிப்பதால் அந்தப் பெயர். அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மேலே என்ன எழுதினாலும் துணியில் தின்னரைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தால் போதும், எழுத்து போய்விடும், பூச்சு இருக்கும். அடித்தால் அடித்ததுதான். வெந்நீருக்கும் வராது, பெயிண்டைக் கரைத்து எடுக்கிற ஜெல்லுக்கும் வராது.

ரெண்டு டப்பாவுக்கு ஒரே எதிரி ஈரம். சுவருக்குள் ஈரம் இருக்கும்போது அடித்தால் அந்த ஈரத்தோடு சண்டை போட்டு நுரைத்து, காயும்போது வெள்ளையாகப் பூத்துவிடும். மேலே தொட்டால் சுவர் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ஈரம் கைக்குத் தெரியாது. அதனால் அண்ணியிடம் ஒரு சட்டம் இருந்தது. கழுவிய சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்துவிடுவாள். மறுநாள் போய்ப் பார்ப்பாள். தாளின் உள்பக்கம் பொட்டுப் பொட்டாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். திரும்ப ஒட்டு, திரும்பக் காத்திரு. தாள் வேர்க்காமல் இருந்தால்தான் ரோலரையே தொடலாம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "நாளைக்குக் கடை திறப்பு மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, வெயில் அடிக்குதுல்ல, காய்ஞ்சிடும்" என்று கெஞ்சிய ஒரு துணிக்கடைக்காரரிடம், "சுவரை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க, நானும் பண்ணிக்கறேன்" என்றாள். அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு இடத்தில் நான் டப்பாவின் மூடியைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவுதான், திறக்கக்கூட இல்லை. தெருவே நின்று வேடிக்கை பார்க்க, "சுவத்துக்கு முன்னாடி உன் மண்டையிலதான் தாள் ஒட்டிப் பார்க்கணும்" என்று கத்தினாள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தெரு வழியாக நான் இப்போதும் போவதில்லை.

சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் விடமாட்டாள். உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பாள். "ஈரம் ஏறுது" என்பாள். புதுவீடு கட்டி ஆசையாகக் கூப்பிட்டவர்களின் முகம் செத்துப்போகும்.

அவளுக்கு ஒரு தங்கை. சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். ஒரு காலத்தில் சின்னவளை எனக்கே கட்டிவைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. "அக்கா வீட்டுல ஒரு ஊமை இருக்கறது போதும், அவரோட தம்பி வேற எதுக்கு?" என்று அவள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, அவளுக்கும் ஆயிற்று. ஆகவே அக்கா மேல் மட்டுமல்ல, தங்கை மேலும் எனக்கு உருகி வழிகிற பாசம் கிடையாது. சின்னவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, மூன்றாவது மாடிக்கு ஹெட் நர்ஸ் ஆனாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வது நின்றது அவர்களுடைய அம்மா இறந்தபோது. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசியும் குழாயுமாகச் சித்திரவதை செய்ய வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். சின்னவள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். அண்ணி அப்போது வெளியூரில் ஒரு சுவர் காய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "உடனே வா" என்று சின்னவள் போன் பண்ணினாள். தாள் இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தது. அடித்து முடித்துவிட்டு வருகிறேன் என்றாள் அண்ணி. வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை.

அந்தச் சுவர் மேல் வர வேண்டிய கோபம் அவளுக்குத் தங்கை மேல் வந்தது. தன் மேல் வர வேண்டிய கோபம் என்று சொன்னால் இன்னும் சரி. சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்த அறையில், "நர்ஸாம் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம பெத்தவளையே கொன்னுட்டியேடி, கொலைகாரி!" என்றாள். ஒரு தடவை இல்லை, தொண்டை கட்டும்வரை சொன்னாள். யாரும் அவள் வாயை அடைக்கவில்லை. அண்ணன் நல்லவனாக நின்றுகொண்டிருந்தான்.

சின்னவள் அழக்கூட இல்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "நான் கொல்லலைன்னு உன் வாயால சொல்லணும். என்னைக்குச் சொல்றியோ அன்னைக்கு எனக்கு அக்கா இருக்கா. அதுவரைக்கும் இல்ல."

அண்ணி சொல்லவில்லை. வருஷங்கள் போயின. சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரியும், டாக்டரிடமே போய் விசாரித்துவிட்டு வந்தாள், வேனில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஆனால் சொல்ல வரவில்லை. இவள் வாய் திட்டுவதற்கென்றே செய்த வாய். வேறு எதற்காவது திறக்கச் சொன்னால் பூட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை வேனில் போய்க்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் அங்கே கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர். அண்ணிக்கும் சின்னவளுக்கும் என்ன உறவு என்பது அவருக்குத் தெரியாது.

"மேடம், எங்க ஸ்டாஃப் கேட்டுக்குப் பக்கத்துல செங்கல் சுவர் இருக்கு. அதுல ஒருத்தன் அசிங்கமா எழுதி வச்சிட்டான். அவங்க அம்மா இங்க இறந்துட்டாங்க, அந்தக் கோபம். எங்க ஹெட் நர்ஸைப் பத்தி எழுதியிருக்கான். விசாரணையெல்லாம் முடிஞ்சு அவங்க மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. லீவுல இருந்தவங்க திங்கட்கிழமை காலையில டியூட்டிக்கு வர்றாங்க. அவங்க வரும்போது அது அங்க இருக்கக்கூடாது."

"எந்த மாடி?" என்று கேட்டாள் அண்ணி.

"மூணாவது."

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிப்பாள், அல்லது வேறு ஆளைப் பாருங்கள் என்பாள் என்று நினைத்தேன். "நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாய் என்று என் மேல் பாய்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் இறங்கினோம். சிமெண்ட் பூசாத வெறும் செங்கல் சுவர். ஆள் உயர எழுத்தில், கறுப்பு ஸ்ப்ரேயில், 'மூணாவது மாடி நர்ஸ் கொலைகாரி' என்று எழுதியிருந்தது. பெற்றவளைப் பறிகொடுத்தவன் எழுதியது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு முறை மேலே மேலே அடித்திருந்தான். அண்ணி அதன் எதிரில் நின்றாள். தான் வாயால் சொன்னதை இன்னொருத்தன் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நின்ற நேரம் எனக்கே சங்கடமாகிவிட்டது. "ஜெல்லை எடுத்துட்டு வா, என்ன மரம் மாதிரி நிக்கற?" என்றாள். மரம் மாதிரி நின்றது அவள்தான்.

செங்கல்லுக்கு எதைக் கொடுத்தாலும் குடிக்கும். பெயிண்டையும் குடித்திருந்தது. ஜெல் தடவி ஊறவைத்து, பிரஷ் போட்டு, வெந்நீர் அடித்து, மறுபடி ஜெல், மறுபடி வெந்நீர் என்று கடைசி வார்த்தையோடு மட்டும் மதியம்வரை மல்லுக்கட்டினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் கோட்டில் ஒளிந்துகொண்டிருந்த கறுப்பைச் சின்ன பிரஷ் வைத்துத் தோண்டி எடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் சுவர் சுத்தமாயிற்று, எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. தெரியாதுதான். முழுச் சுவரும் தண்ணீர் குடித்துக் கறுத்துப் போயிருந்தது.

நான் வழக்கம்போல் பிளாஸ்டிக் தாளையும் டேப்பையும் எடுத்து வந்தேன்.

"அதை வை. ரெண்டு டப்பாவை எடு" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டது மெழுகு. ரெண்டு டப்பா வேறொரு வேலைக்காக எங்கள் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருந்தது.

"அண்ணி, கழுவியாச்சு, அவ்வளவுதானே? பூச்சை ரெண்டு நாள் கழிச்சு அடிச்சுக்கலாம்."

"இன்னைக்கு ராத்திரி அவன் திரும்ப வந்து எழுதினா? இப்பதான் கழுவின கல்லு, இன்னும் ஆழமா இறங்கும். காலையில அவ வரும்போது அதைத்தான் பார்ப்பா."

"அப்ப மெழுகு போதுமே. ஈரத்துலயும் நிக்கும்."

"மெழுகு மேல எழுதிட்டான்னா? திரும்ப மிஷின், திரும்ப வெந்நீர். அவ வர்ற நேரத்துக்கு நாம ஹோஸைப் பிடிச்சிட்டு நிப்போமா? இதை அடிச்சா துணியால ஒரு இழுப்பு. அவ பஸ்ஸை விட்டு இறங்கறதுக்குள்ள போயிடும்."

'அவ', 'அவ' என்றுதான் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. நான் தாளைக் கையில் பிடித்தபடியே நின்றேன். இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், இந்த வாய்ப்பை விடுவேனா?

"சுவர் ஈரம் அண்ணி."

"வெயில் அடிக்குதுல்ல, காய்ஞ்சிடும். வேன்ல இருக்கற ஃபேனை எடுத்து இந்தப் பக்கம் திருப்பி வை. வாயை மூடிட்டுக் கலக்கு."

துணிக்கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை. இப்படிச் சொன்ன எத்தனை பேரை அவள் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள்! நான் கலக்கினேன். அவள் ரோலரைப் பிடித்தாள். முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுவர் புதிதாகக் கட்டியது மாதிரி மினுமினுத்தது. திரும்பிப் போகும்போது வேனில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டு என்று அப்புறம்தான் புரிந்தது. அவள் பாடி நான் கேட்டதில்லை. நன்றாகவும் இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் துணியும் தின்னருமாகப் போனோம். ராத்திரி யாரும் வந்து எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது. சுவரில் வெள்ளை வெளேரென்று 'கொலைகாரி' என்று இருந்தது.

மற்ற வார்த்தைகள் மங்கலாகத்தான் தெரிந்தன. அந்த ஒரு வார்த்தையில்தான் எழுத்தின் கோடு பார்த்து ஜெல்லையும் வெந்நீரையும் திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தோம், அங்கேதான் செங்கல் அதிகம் குடித்திருந்தது. பூச்சு சரியாக அந்த இடம் பார்த்து, எழுத்துக்கு எழுத்து, நுரைத்து வெளுத்திருந்தது. கறுப்பில் இருந்ததைவிடத் தெளிவு. அதன் மேல் கண்ணாடி மாதிரிப் பூச்சு. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் அழிக்க முடியாது என்று கஸ்டமர்களிடம் அவளே சொல்வாளே, அந்தப் பூச்சு.

அண்ணி ஓடினாள். துணியில் தின்னரைத் தோய்த்துத் தேய்த்தாள். பூச்சு பளபளத்தது. எழுத்தும் பளபளத்தது. "அண்ணி, வராது. உங்களுக்கே தெரியும்" என்றேன். காதில் வாங்கவில்லை. அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் பஸ் நின்றது.

சின்னவள் இறங்கினாள். கூடவே வேலைக்கு வந்த நாலைந்து பேரும் இறங்கினார்கள். அவள் கண்ணில் பட்டது இதுதான்: சுவரில் அந்த வார்த்தை, அதன் முன்னால் துணியும் கையுமாக அவளுடைய அக்கா, வார்த்தையைத் துடைத்து மினுக்கிக்கொண்டு.

பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லாத் தொடை. பளிச்சுன்னு இருக்கட்டும்."

அண்ணி திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "ஈரம்" என்றாள். "சுவர் ஈரமா இருந்துச்சு."

"ஈரமா? நீ ஈரச் சுவத்துல அடிச்சியா?" சின்னவள் சிரித்தாள், கேட்கச் சகிக்காத சிரிப்பு. "என் பிள்ளையைப் பார்க்க வந்தப்ப, அவனைத் தூக்கறதுக்கு முன்னாடி சுவத்தைத் தொட்டுப் பார்த்தவ நீ. அம்மா சாகக் கிடந்தப்பக்கூட ஈரம் காயட்டும்னு உட்கார்ந்திருந்தவ நீ. அப்பக் காத்திருக்கத் தெரிஞ்சவளுக்கு இப்பத் தெரியலையா? யாருகிட்ட காது குத்தற? வாயால சொன்னது பத்தாதுன்னு, அழியாத பெயிண்டுல எழுதிட்ட. சந்தோஷமா இரு."

கேட்டுக்குள் போய்விட்டாள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் காத்திருக்காமல் வேலை செய்தாள். அவளைப் போய் யார் நம்புவார்கள்? வேறு எந்தப் பூச்சுக்காரன் சொல்லியிருந்தாலும் சரி, அவசரப்பட்டுவிட்டான் என்று விட்டிருப்பார்கள். இவள் சொன்னால் பொய்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்களின் கூத்து. ஆபீசர் வந்து குதித்தார். ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு மேலே சிவப்பு அடிக்கச் சொன்னார். அது சொட்டுச் சொட்டாக வழிந்து தரைக்கு வந்தது, ஒட்டி நின்ற கொஞ்சமும் காய்ந்து மத்தியானத்துக்குள் தோல் மாதிரி உரிந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டினார்கள், விழுந்தது. ரத்ததானம் செய்வீர் என்று ஒரு பேனரைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள், காற்றடிக்கும்போதெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டியது. "என்ன எழவையாவது பண்ணி அதை எடுங்க. அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க" என்றார் ஆபீசர். அவர் கத்தக் கத்த அண்ணி பதில் பேசாமல் நின்றாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

வீட்டில் சாப்பாடு போட்ட அண்ணன், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் வாயைத் திறந்தான். "போய்ச் சொல்லிடு."

"என்னத்தை?"

"அத்தையை அவ கொல்லலைன்னு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அண்ணன் மறுபடியும் நல்லவனாகிவிட்டான்.

மறுநாள் காலை சாரம் கட்டி, கையில் பிடித்துத் தேய்க்கிற கிரைண்டரோடு சுவரில் ஏறினாள். பூச்சு கழன்று வராது என்றால் செங்கல்லின் முகத்தையே சீவி எடுப்பது ஒன்றுதான் வழி. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற சத்தம். செம்மண் புகை மாதிரித் தூசி. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, என்னைக் கீழே ஒயரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளே செய்தாள். கொஞ்ச நேரம் நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். "உன் வேலையைப் பாரு" என்றாள்.

அவள் இடைவேளைக்கு இறங்கியபோது நான் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. சின்னவள் மருந்து அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவன் திரும்ப வருவான் என்று பயந்ததையும், நீ பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போய்விட வேண்டும் என்று சொன்னதையும், மெழுகு போதும் என்று நான் சொல்லியும் கேட்காமல் ரெண்டு டப்பாவை எடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அவளுக்கு நீங்க வக்காலத்தா?" என்றாள். "உங்களை நாயை விடக் கேவலமா நடத்தறவளுக்கு?"

"ஆமா. எனக்கு அவங்களைப் பிடிக்காது. உனக்கே தெரியும். அதனாலதான் சொல்றேன், நம்பு."

அலமாரியைச் சாத்தினாள். "நம்பறேன்" என்றாள். "உங்களை நம்பறேன். ஆனா இது சுவத்துல எழுதினதைப் பத்தி இல்ல. அது எவனோ எழுதினது. வீட்டுல சொன்னது அவ. அதை அவ எடுக்கணும். சுவத்தைச் சீவினா ஆச்சா?"

நான் கீழே வந்து அண்ணியிடம் அப்படியே சொன்னேன். மூன்றாவது மாடிக்கு ஏன் போனாய் என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். துணியை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மருந்துக்கடைக்காரர், பார்வை நேரத்துக்கு வந்தவர்கள் என்று தெரு நிறைந்திருந்தது. காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். சின்னவள் வந்தாள். நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். சாரத்தின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். தூசி அவள் தலையில் கொட்டியது. நகரவில்லை.

அண்ணி அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு கிரைண்டரை இன்னும் அழுத்தினாள். பாதி எழுத்து போயிருந்தது, பாதி இருந்தது. அப்போது அவள் முகத்தில் கட்டிய துணி அசைவதைக் கவனித்தேன். உப்புவதும் ஒட்டுவதுமாக, வேகவேகமாக. எதையோ கத்திக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கத்தினால் அது எனக்காகத்தான். ஒயரை மிதிக்கிறேனோ, சாரம் ஆடுகிறதோ, என்ன இழவோ என்று நான் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மிஷின் நின்றது. அவள் குரல் நிற்கவில்லை.

"நீ கொல்லலடி! அம்மாவை நீ கொல்லல! நீதான்டி கூட இருந்த, நான்தான் வரல! நான்தான்டி வரல!"

தெரு முழுக்கக் கேட்டது. காதைப் பொத்தியிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். அண்ணி சுவரைப் பார்த்தபடியே, ஓடாத மிஷினைச் செங்கல்லில் அழுத்திக்கொண்டு உறைந்து நின்றாள். அப்புறம் திரும்பாமலே என்னைக் கேட்டாள்.

"யாருடா பிளக்கைப் பிடுங்கினது?"

"நான்தான் அண்ணி."

"சொருகு."

சின்னவள் குனிந்து என் கையிலிருந்து பிளக்கை வாங்கிக்கொண்டாள். "சொருக மாட்டாரு. இறங்கி வந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"இங்கிருந்தே கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு. எனக்குச் சொல்லு."

"நீ அழுவ."

"அழுதா உனக்கென்ன? இறங்குடி."

சின்னவள் அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணி கிரைண்டரைப் பலகையில் வைத்துவிட்டு, முகத்துத் துணியை அவிழ்க்காமல், ஒவ்வொரு கம்பாகக் கால் வைத்து இறங்க ஆரம்பித்தாள்.